டர்பன் வீட்டில் பவளத் தொட்டி: எந்த அளவு, என்னென்ன கருவி?

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரட்டை வீட்டில் பாதி அவருடையது. மேல்மாடி அறையில் பவளமும் ஒரு ஜோடி கோமாளி மீனும் வைக்க ஆசை. கடையில் 90 லிட்டர் தொட்டியைக் காட்டி "புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இது போதும்" என்றார்களாம். நண்பர் ஒருவர் ஆறடித் தொட்டிக்குக் குறைந்து வாங்காதே என்கிறாராம். எந்த அளவு எடுப்பது, என்னென்ன கருவி வேண்டும், பணத்தை முதலில் எதில் போடுவது என்பதுதான் கேள்வி.

தம்பி, நான்கடி நீளத் தொட்டி எடுங்கள். 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 50 உயரம். கணக்குக்கு 360 லிட்டர். மேல்மாடி வேண்டாம், கீழே வையுங்கள். பணத்தை முதலில் விளக்கில் போடாதீர்கள். நீரோட்டத்திலும், கரண்ட் போனால் அந்த நீரோட்டத்தை ஓடவைக்கும் பேட்டரியிலும் போடுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மூரில் பவளத் தொட்டியைக் கொல்பவை பெரும்பாலும் இரண்டுதான்: பிப்ரவரி வெயில், மின்வெட்டு. மற்ற நாட்களில் சின்னத் தொட்டியும் நன்றாகவே இருக்கும். சோதனை வருவது ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் விடியும்வரை வராத அன்றுதான். அந்த நேரத்தில் தொட்டிக்குள் இருக்கும் உயிரினங்கள் ஒவ்வொன்றும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டிருக்கும். விளக்கு இல்லாததால் பவளத்துக்குள் இருக்கும் பாசியும் ஆக்சிஜன் தராது, எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். தண்ணீரின் அளவுதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். 90 லிட்டரில் ஒரு மீன் செத்துப் பாறைக்குப் பின்னால் கிடந்தால், காலையில் நீங்கள் எழுவதற்குள் அமோனியா ஏறிவிடும். அதே மீன் 360 லிட்டரில் செத்தால், தேடி எடுத்துப்போட ஒரு நாள் கிடைக்கும். அதனால் "தொடக்கத்துக்குச் சின்னது" என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை. சின்னத் தொட்டி கை பழகியவர்களுக்கானது.

அப்படியானால் ஆறடி ஏன் வேண்டாம்? பராமரிப்புதான் காரணம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றவேண்டும். 360 லிட்டருக்கு அது 36 லிட்டர், இரண்டு வாளி. ஒருவர் தூக்கலாம். 700 லிட்டருக்கு 70 லிட்டர், அதற்குத் தனி பீப்பாய், தனி பம்பு. இரண்டாவது மாதத்திலேயே தள்ளிப்போட ஆரம்பித்துவிடுவோம். உப்புச் செலவையும் பாருங்கள். லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்பு வேண்டும். 36 லிட்டருக்கு ஒரு கிலோ நானூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 25 கிலோ வாளி ஒன்று இப்படிப் பதினெட்டுத் தடவை வரும், அதாவது ஏறக்குறைய எட்டு மாதம். இது ஒரு சம்பளக்காரர் தாங்கக்கூடிய கணக்கு.

உயரத்தை 50-க்கு மேல் ஏற்றவேண்டாம். 60, 70 என்று போனால் கண்ணாடி தடிக்கும், விளக்கு கீழே எட்டாது, அடியில் விழுந்த பவளத் துண்டை எடுக்கத் தோள்வரை கையை விடவேண்டிவரும். உயரத்தில் மிச்சம்பிடிக்கும் காசை அகலத்தில் போடுங்கள். 60 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் பாறையைச் சுவரோடு ஒட்டாமல் நடுவில் அடுக்கலாம். பின்பக்கமும் தண்ணீர் ஓடும், அழுக்கு தேங்காது. கண்ணாடி 12 மில்லிமீட்டர் போதும், மேலே விளிம்புப் பட்டையோடு.

இனி எடை. மாடி வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். கண்ணாடி 76 கிலோ. பாறையும் மணலும் அடைத்த இடம் போகக் கடல்நீர் சுமார் 320 லிட்டர், அது 328 கிலோ. பாறை 35, மணல் 30, ஸ்டாண்ட் 60, அடியில் இருக்கும் சம்ப் என்ற துணைத் தொட்டி தண்ணீரோடு 90. கூட்டிப் பாருங்கள், 620 கிலோவை ஒட்டி வரும். அதைத் தாங்குவது முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவான இடம். வீட்டு அறைகளின் மாடித் தளத்தை நம் நாட்டில் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். அது அறை முழுக்கப் பரவும் பாரத்துக்கான கணக்கு என்பதால் தொட்டி வைத்ததும் தளம் இடிந்துவிடும் என்று பொருளல்ல. ஆனாலும் உங்கள் மாடி மரத்தளமா கான்கிரீட்டா, உத்தரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் அதில் ஏற்றக்கூடாது. அதுவும் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிரும் வீடு. கீழ்த்தளத்தில் மண்மேல் போட்ட கான்கிரீட் இருக்கும்போது இந்தக் கவலையே வேண்டாம். மாடியில்தான் வைப்பேன் என்றால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். கடைக்காரர் வார்த்தை போதாது.

கீழே எந்த இடம்? வடக்கு, மேற்கு ஜன்னல்களைத் தவிர்த்துவிடுங்கள். இந்தியாவில் எழுதும் குறிப்புகளில் தெற்கு ஜன்னலைத் தவிர்க்கச் சொல்வார்கள். நமக்குச் சூரியன் வடக்குப் பக்கம் போகிறது, அதனால் அது இங்கே தலைகீழ். சாமி அறையை ஒட்டியும் வைக்கவேண்டாம். ஸ்கிம்மர் என்பது கழிவை நுரையாகப் பிரித்தெடுக்க, நிமிடத்துக்குப் பல லிட்டர் அறைக்காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழாக விடும் கருவி. சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம் எதன் புகையானாலும் நேரே உள்ளே போகும். கரப்பானுக்கு அடிக்கும் டூம் இன்னும் மோசம். அதில் இருக்கும் பூச்சிமருந்து வகை இறாலையும் நண்டையும் மிகக் குறைந்த அளவிலேயே கொன்றுவிடும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயோடு ஒரு நீளக் குழாயைச் சேர்த்து ஜன்னலுக்கு வெளியே விட்டால் சுத்தமான காற்று வரும்.

அடுத்து சம்ப். பிரதான தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து கீழே ஒரு தொட்டிக்குப் போய், பம்பு மூலம் திரும்ப மேலே வருவதுதான் ஏற்பாடு. ஸ்கிம்மர், ஹீட்டர், வடிகட்டித் துணி எல்லாம் அங்கேதான் இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். கரண்ட் போனதும் பம்பு நிற்கும். மேலே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். எவ்வளவு இறங்கும்? உங்கள் தொட்டியின் மேற்பரப்பு 120க்கு 60. அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் என்பது 7.2 லிட்டர். வழியும் விளிம்புக்கு மேல் 1 சென்டிமீட்டர் நின்றால் 7 லிட்டர் கீழே வரும். திரும்பிவரும் குழாயின் வாய் அந்த விளிம்புக்கும் 1 சென்டிமீட்டர் கீழே இருந்தால் அது தலைகீழாக உறிஞ்ச ஆரம்பித்து இன்னொரு 7 லிட்டரை இறக்கும். குழாய்க்குள்ளும் வழிவுப் பெட்டியிலும் இருப்பது ஒரு 6 லிட்டர். ஆக 20 லிட்டர். குழாயின் வாயை அழகுக்காக விளிம்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே தள்ளிவிட்டால் அதுவே 50 லிட்டரைத் தொட்டுவிடும்.

75 நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள சம்ப் நிறைய நின்றால் 120 லிட்டர். அதை 22 சென்டிமீட்டர் மட்டத்தில் ஓட்டினால் 66 லிட்டர் இருக்கும், 54 லிட்டருக்கு இடம் காலி. 20 லிட்டர் வந்தாலும் நிம்மதி. திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு போட்டிருக்கிறேன் என்று நம்பி உட்காராதீர்கள். சின்ன நத்தை ஒன்று, சுண்ணாம்புப் படிவு கொஞ்சம், அவ்வளவு போதும் அது மூடாமல் போக. தொட்டியில் உயிர் எதுவும் விடுவதற்கு முன்பே, தண்ணீர் நிரம்பிய முதல் நாளில், பம்பின் பிளக்கை உருவிவிட்டுப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். சம்ப்பில் தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தில் டேப் ஒட்டிக் குறி வையுங்கள். இந்தச் சோதனையை நான்கைந்து தடவை செய்யுங்கள்.

திரும்பி ஏற்றும் பம்பு மணிக்குத் தொட்டியின் மூன்று நான்கு மடங்கு, 1,100 முதல் 1,500 லிட்டர்வரை உண்மையில் மேலே கொண்டுவந்தால் போதும். பெட்டியில் போட்டிருக்கும் எண் தண்ணீரை உயரே ஏற்றாமல் அளந்தது. ஒன்றரை மீட்டர் ஏறும்போது கணிசமாகக் குறையும், அதனால் 2,500 என்று போட்ட, வேகத்தை மாற்றக்கூடிய டிசி பம்பை வாங்கிக் குறைத்து ஓட்டுங்கள். பவளத்துக்கு வேண்டிய ஓட்டத்தைத் தருவது இந்தப் பம்பு இல்லை, தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர். இரண்டு வேண்டும், இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று. இரண்டும் சேர்ந்து மணிக்குத் தொட்டியின் இருபது முதல் முப்பது மடங்கு நீரைச் சுழற்றவேண்டும், அதாவது ஒவ்வொன்றும் 4,000-5,000 லிட்டர். பவளம் நகராது. அதற்கு உணவும் ஆக்சிஜனும் வந்து சேர்வதும், கழிவும் சளியும் விலகிப்போவதும் ஓட்டத்தால்தான்.

அந்த ஓட்டம்தான் மின்வெட்டிலும் நிற்கக்கூடாது. லோட் ஷெடிங் என்ற அட்டவணை மின்வெட்டு 2023இல் நிலை 6 வரை போன நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 ஏப்ரலிலிருந்து அது பெரிதும் தணிந்துவிட்டது. ஆனால் கேபிள் திருட்டு, துணைமின்நிலையக் கோளாறு, மழைக்குச் சாயும் கம்பம் இவை அட்டவணை போட்டு வருவதில்லை, இரண்டு மணி நேரத்தில் முடிவதும் இல்லை. எல்லாக் கருவிகளையும் பேட்டரியில் ஓட்டவேண்டும் என்று பயந்து பெரிய இன்வெர்ட்டர் தேடாதீர்கள். விளக்கு வேண்டாம். ஸ்கிம்மர் வேண்டாம். ஹீட்டரும் வேண்டாம், இத்தனை தண்ணீர் நான்கு மணி நேரத்தில் அப்படி ஒன்றும் குளிர்ந்துவிடாது. ஒரே ஒரு வேவ்மேக்கர், மேற்பரப்பை நோக்கித் திருப்பி, தண்ணீர் தளும்புகிற மாதிரி ஓடினால் போதும். ஆக்சிஜன் உள்ளே வருவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியே போவதும் அந்த மேற்பரப்பில்தான்.

12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 640 வாட்-மணி இருக்கும். 15 வாட் வேவ்மேக்கர் ஒன்று, வீணாவதைக் கழித்தாலும் அதில் ஒன்றரை நாள் ஓடும். திரும்பி ஏற்றும் 40 வாட் பம்பையும் சேர்த்தால் பத்து மணி நேரம் சொச்சம். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவதானால் சுத்த சைன் அலை தருவதாகக் கேட்டு வாங்குங்கள், மலிவானவற்றில் மோட்டார் சூடேறி உறுமும். வேவ்மேக்கர் கம்பெனியே அதற்கென்று பேட்டரி இணைப்பு விற்றால் அது இன்னும் நல்லது, கரண்ட் போன நொடியில் தானாக மாறிக்கொள்ளும். இதோடு டார்ச் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றையும் அலமாரியில் போட்டு வையுங்கள், விலை அதிகமில்லை.

மின்சாரத்தில் இன்னொன்று. டிபி போர்டில் எர்த் லீக்கேஜ், அதாவது மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதல்லவா, அது வீடு முழுவதற்கும் ஒன்றுதான் இருக்கும். கீசரின் எலிமென்ட் பழுதானால் அது விழும், அதோடு தொட்டியும் நிற்கும். நீங்கள் வார இறுதிக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தால் வீட்டில் அதைத் தூக்கிவிட ஆள் இல்லை. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துத் தொட்டிக்கென்று தனி சர்க்யூட், தனி 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் போட்டுவிடுங்கள். உப்புத்தண்ணீரும் 230 வோல்ட்டும் பக்கத்தில் இருக்கும் இடம் என்பதால் எர்த் லீக்கேஜ் இல்லாமல் ஓட்டவே கூடாது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கவேண்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மல்டிபிளக்கைத் தரையில் போடாமல் சுவரில் உயரே திருகுங்கள்.

வெப்பத்துக்கு வருவோம். 25, 26 டிகிரி நல்லது. 28 தாண்டி நாட்கணக்கில் நின்றால் பவளம் வெளிறத் தொடங்கலாம். ஆவியாதல்தான் மலிவான குளிரூட்டல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 360 லிட்டரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை டிகிரிக்கான வெப்பத்தை எடுத்துப்போகிறது. ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் நீர்ப்பரப்பின்மேல் இரண்டு மின்விசிறி வைத்தே கோடையைத் தாண்டிவிடுவார்கள். அங்கே காற்று வறண்டது. டர்பனின் பிப்ரவரியில் காற்றே ஈரமாக இருக்கும், ஆவி எங்கே போகும்? விசிறி கொஞ்சம்தான் உதவும். ஆகவே இங்கே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கோ அறை ஏசிக்கோ முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். சில்லரை ஸ்டாண்டுக்குள் மூடிவைத்தால் அது கக்கும் சூடு திரும்ப சம்ப்புக்கே வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அறையில் ஏசி ஏற்கெனவே இருந்தால் சில்லருக்குப் பதில் அதை ஓட்டலாம், தொட்டியோடு சேர்ந்து குடும்பமும் அனுபவிக்கும். ஹீட்டர் ஒரே 300 வாட் வேண்டாம், 150 வாட்டில் இரண்டு. ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் தொட்டி வெந்துபோகாது, ஒன்று செத்தாலும் ஜூலை இரவு தாங்கும். இரண்டையும் தனி வெப்பக் கட்டுப்படுத்தி ஒன்றின் வழியாக ஓட்டுங்கள்.

விளக்கு பற்றிக் கடைகளில் நிறையப் பேசுவார்கள். நீலம் தூக்கலான எல்இடி இரண்டு, நான்கடிக்குப் போதும். முதல் ஆண்டில் நீங்கள் வைக்கப்போவது மென்பவளங்களும் பெரிய சதைப்பற்றுள்ள கல்பவளங்களும்தான். அவற்றுக்கு மிதமான ஒளி போதும். முழுத் திறனில் எரித்தால் பாசிதான் வளரும். முப்பது, நாற்பது சதவீதத்தில் எட்டு மணி நேரம் என்று தொடங்கி மாதக்கணக்கில் மெல்ல ஏற்றுங்கள். ஸ்கிம்மர் மட்டும் உங்கள் அளவுக்கு ஒன்றரை மடங்கு, 500-600 லிட்டருக்கு என்று போட்டதை எடுங்கள்.

தண்ணீரை எங்கிருந்து எடுப்பது? கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று தோன்றும். டர்பன் கரையில் அள்ளாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கடலில் கலந்து கடற்கரைகளை மூடவேண்டிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் கார்னூபியாவில் ரசாயனக் கிடங்கு எரிந்து அந்த விஷம் உம்லாங்கா பக்கத்துக் கடல்வரை போனது. வாளியில் தெளிவாகத் தெரியும் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. குழாய் நீரும் நேரடியாக ஆகாது, குளோரின் இருக்கும். நீரைச் சவ்வு வழியாகச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரத்தை, மிச்சத்தையும் பிடிக்கும் டிஐ ரெசினோடு வாங்கி, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரில் உப்பைக் கலக்குங்கள். தினமும் நான்கைந்து லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது என்பதால் அந்தக் குறையை உப்பில்லாத ஆர்ஓ நீரால்தான் நிரப்பவேண்டும். மிதவையோடு தானாக நிரப்பும் கருவியை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள், உப்பின் அளவு நிலையாக ஆயிரத்துக்கு 35 பங்கில் நிற்பதற்கு அதுதான் வழி. வாரத்துக்கு 50 லிட்டர் ஆர்ஓ நீர் எடுத்தால் 150 முதல் 200 லிட்டர் கழிவாக வெளியே போகும். அதைச் சாக்கடையில் விடாமல் கறிவேப்பிலைக்கும் மாமரத்துக்கும் திருப்பிவிடுங்கள், அல்லது பீப்பாயில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பாறையும் பவளமும் கூட அப்படித்தான். வடக்கே சோட்வானா விரிகுடாவில் இருப்பது ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பவளப்பாறைகள், ஐசிமங்கலிசோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருபவை. அங்கே முக்குளித்துப் பார்க்கலாம், ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது. கல்பவளங்கள் அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. வீட்டில் வளர்த்து வெட்டிய துண்டுகளை மற்ற வளர்ப்பாளர்களிடம் வாங்குங்கள். விலையும் குறைவு, தொட்டி வாழ்க்கைக்குப் பழகியதும் கூட. பாறைக்கு உலர்ந்த பாறையே போதும்.

உலர் பாறையில் தொடங்கினால் அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா படிந்து வர நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து நின்றபிறகே முதல் ஜோடி கோமாளி மீன். அதற்கு ஒரு மாதம் கழித்துக் காளான் பவளம், தோல் பவளம். ஜோவாந்திட் என்ற பொத்தான் போன்ற பவள இனத்தை வைப்பதானால் கையுறை போட்டுத் தொடுங்கள், அது ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டுக் கழுவவே கூடாது. அவற்றில் சில வகைகளில் இருக்கும் பாலிடாக்சின் ஆவியோடு மூச்சில் போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும். சுத்தியல் பவளம், டார்ச் பவளம் போன்றவை காரத்தன்மை 8 டிகேஎச் பக்கத்தில் சில மாதம் ஆடாமல் நின்றபிறகு. கடல் சாமந்தி ஓராண்டுக்கு வேண்டாம். பிள்ளைகள் கேட்கப்போவது நீல டாங்கைத்தான். அது ஓரடி வரை வளரும், நான்கடியில் அடைக்கவேண்டாம். நீந்தும் மீன் ஒன்று வேண்டுமென்றால் மஞ்சள் டாங் ஒன்றே ஒன்று, அதையும் எல்லா மீனுக்கும் கடைசியாக விடுங்கள். முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று பின்னால் வருகிற ஒவ்வொன்றையும் விரட்டும்.